அலையின் அடியில் முப்பது பேர்



ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் 'பேரலை' படத்தைப் பார்க்காதவர்கள் நம்மில் மிகச் சிலரே இருப்பர். பெயர் தெரியாவிட்டாலும் படம் தெரிந்திருக்கும். நீல அலையொன்று நகம் விரித்த கைபோல் எழுந்து நிற்கும். தொலைவில் பனி மூடிய ஃபூஜி மலை சிறு கூம்பாய்த் தெரியும். தேநீர்க் குவளை, சட்டை, குடை, கைத்தொலைபேசி உறை என எங்கெங்கும் இவ்வலை வந்துவிட்டது. 2024 ஜூலையில் வெளியான ஜப்பானின் புதிய 1,000 யென் பணத்தாளின் பின்புறத்திலும் இதுவே இடம்பெற்றுள்ளது.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் காட்சிக்கலைக் கல்வியில் அச்சுப் பணியைக் கற்பிக்கும்போது இப்படத்தைத்தான் முதலில் காட்டுவேன். என்ன தெரிகிறது என்று கேட்பேன். "அலை, டீச்சர்!" என்பார்கள். "சுனாமி!" என்பார்கள் சிலர். "மலை!" என்று ஒருவர் கண்டுபிடிப்பார். மனிதர்கள் தெரிகிறார்களா என்று கேட்டால் வகுப்பு சற்று நேரம் அமைதியாகிவிடும். பிறகு திரைக்கு அருகே ஓடி வந்து பார்த்துவிட்டு, "ஆமாம் டீச்சர், படகு இருக்கு! ஆளுங்க குனிஞ்சு இருக்காங்க!" என்று கூவுவார்கள்.

மூன்று படகுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் எட்டுத் துடுப்புக்காரர்கள். படகின் முன்பகுதியில் மேலும் ஓரிருவர். ஆக ஏறத்தாழ முப்பது மனிதர்கள், துடுப்பின்மேல் கவிழ்ந்து, அலை விழுவதற்கு முந்தைய நொடியில் இருக்கிறார்கள். படத்தின் பெயரே அவர்கள் இருக்கும் இடத்தைத்தான் சொல்கிறது. 'கனகாவா கடற்பரப்பில், அலையின் அடியில்' என்பதே அதன் ஜப்பானியத் தலைப்பின் பொருள். அலையின் அடியில் இருப்பவர்கள் அம்மனிதர்களே.

ஆயினும் உலகம் அலையை மட்டும் எடுத்துக்கொண்டது. பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுசியின் 'கடல்' எனும் இசைப்படைப்பு 1905இல் நூலாக வெளிவந்தபோது, அட்டைக்கு இந்த அலையைத்தான் பயன்படுத்தினார்கள். அதில் படகுகள் இல்லை, ஆட்களும் இல்லை. இன்று கடையில் விற்கும் பொருள்கள் பலவற்றிலும் அப்படித்தான். உழைக்கும் மனிதரை அழித்துவிட்டு அழகை மட்டும் வைத்துக்கொள்வது நமக்கு எளிதாக வருகிறது. நம் பிள்ளைகளுக்கு நாம் அறியாமலே இதைத்தான் கற்பிக்கிறோமோ என்ற எண்ணமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

அந்தப் படகுகள் எத்தகையவை என்பதை முதலில் பார்ப்போம். அவை 'ஒஷிஒகுரி' எனப்படும் விரைவுப் படகுகள். ஒடுங்கிய உடலும் கூரிய முனையும் கொண்டவை. 12 முதல் 15 மீட்டர் வரை நீளமுள்ளவை. அவற்றின் வேலை மீன் பிடிப்பதன்று. கடலோர ஊர்களில் பிடிபட்ட மீனை, கெடுவதற்கு முன்பே எடோ நகரின் மீன்சந்தைக்குக் கொண்டுசேர்ப்பதுதான். எடோ என்பது இன்றைய தோக்கியோ. அக்காலத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் வாழ்ந்த பெருநகரம். இயந்திரப் படகும் குளிர்சாதனமும் இல்லாத காலம். மீன் புதிதாய் இருக்கவேண்டுமென்றால் மனிதன் துடுப்பை வேகமாகப் போட்டாக வேண்டும். நகரத்தார் விடியலில் வாங்கிய மீனுக்குப் பின்னால் எட்டுப் பேரின் தோள்வலி இருந்தது.

இதனை நான் வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தபோது, வழக்கமாக வாய் திறவாத மாணவன் ஒருவன் கையை உயர்த்தினான்.

"டீச்சர், அப்போ அது எங்க அப்பா லாரி மாதிரி."

அவன் தந்தையார் மீன் லாரி ஓட்டுநர். எங்கள் பேராக் மாநிலக் கடற்கரையில் படகுகள் இறக்கும் மீனைப் பனிக்கட்டிப் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு, இரவெல்லாம் ஓட்டி, விடிவதற்குள் கோலாலம்பூர் மொத்தச் சந்தையில் சேர்ப்பவர். இருநூறு ஆண்டு இடைவெளியில் இருந்த படகையும் லாரியையும் ஒரே வரியில் இணைத்துவிட்டான் அப்பிள்ளை. அதற்குமேல் அந்தப் படகுகளைப் பற்றி நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

படத்துக்குள் இருக்கும் உழைப்பு இது. அப்படத்தை உண்டாக்கிய உழைப்பு இன்னொன்று உண்டு.

'பேரலை' தூரிகையால் தீட்டிய ஓவியம் என்றே பலர் எண்ணியிருக்கிறோம். அது மரக்கட்டை அச்சு. 1831ஆம் ஆண்டளவில் 'ஃபூஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள்' என்ற வரிசையில் ஒரு தாளாக வெளிவந்தது. விற்பனை நன்றாக இருந்ததால் மேலும் பத்துப் படங்கள் சேர்ந்து, வரிசை 46 படங்களோடு நிறைவுற்றது. ஒரு தாளின் அளவு ஏறத்தாழ 26 சென்டிமீட்டர் உயரம், 38 சென்டிமீட்டர் அகலம். நாம் வகுப்பில் கொடுக்கும் ஏ4 தாளைவிடச் சற்றே பெரியது.

அத்தாள் உருவாக நால்வகை மனிதர் தேவைப்பட்டனர். வரைபவர், செதுக்குபவர், அச்சிடுபவர், பணம் போட்டு வெளியிடுபவர். வரைந்தவர் ஹொக்குசாய், அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. வெளியிட்டவர் நிஷிமுராயா யொஹாச்சி. இடையில் நின்ற இருவகைத் தொழிலாளரின் வேலையைப் பிள்ளைகளுக்குப் படிப்படியாகச் சொல்வேன். அதையே இங்கும் சொல்கிறேன்.

ஓவியர் மெல்லிய தாளில் மையால் கோட்டோவியம் வரைந்து கொடுப்பார். செதுக்குநர் அத்தாளைச் செர்ரி மரப்பலகையின்மேல் முகம் கீழாகக் கவிழ்த்து ஒட்டுவார். தாள் மெல்லியது என்பதால் கோடுகள் பின்புறமாகத் தெரியும். இப்படி ஒட்டினால்தான் பலகையில் இடம் வலமாக மாறியிருக்கும் உருவம் அச்சில் நேராக வரும். பிறகு கத்தியால் ஒவ்வொரு கோட்டின் இருபுறமும் வெட்டி, கோடல்லாத இடத்தையெல்லாம் உளியால் அகற்றுவார். அவர் கோட்டைச் செதுக்குவதில்லை. கோட்டை விட்டுவிட்டு மற்றதைச் செதுக்குகிறார். தலைமுடி, முகம் போன்ற நுட்பமான பகுதிகளைத் தலைமைச் செதுக்குநர் எடுத்துக்கொள்வார். வெற்றிடங்களை அகற்றும் வேலை இளையவர்களுக்கு. இத்தொழிலில் தேர்ச்சிபெற ஏறத்தாழ பத்தாண்டுப் பயிற்சி வேண்டும் என்பது மரபு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஓவியர் வரைந்த தாள் பலகையோடு ஒட்டப்பட்டுக் கத்தியில் சிதைந்து போகிறது. ஆகவே, 'பேரலை'க்கு ஹொக்குசாய் தம் கையால் வரைந்த மூலம் என்று எந்த அருங்காட்சியகத்திலும் தொங்குவதற்கு வழியில்லை. நாம் வியக்கும் அந்த நுரைநகங்கள் ஒவ்வொன்றும் செதுக்குநரின் கத்தி வழியாகவே நம்மை வந்தடைந்திருக்கின்றன. அந்த நுரையின் வெண்மையும், மலைமேல் உள்ள பனியின் வெண்மையும் மையே படாத வெறுந்தாள். மரத்தில் அகற்றிய இடமே தாளில் வெண்மையாகிறது.

கோட்டுப்பலகை முடிந்ததும் சில படிகள் எடுத்து ஓவியரிடம் தருவார்கள். அவர் எங்கெங்கு என்ன வண்ணம் என்று குறித்துக் கொடுப்பார். அவற்றைக் கொண்டு வண்ணத்துக்கொரு பலகையாகச் செதுக்க வேண்டும். எல்லாப் பலகைகளிலும் ஒரே இடத்தில் இரண்டு சிறு அடையாள வெட்டுகள் இருக்கும். ஒன்று மூலையைப் பிடிக்க, மற்றொன்று விளிம்பைப் பிடிக்க. தாளை அவ்வெட்டுகளில் பொருத்தி வைத்தால் ஒரு வண்ணத்தின் எல்லை இன்னொன்றின்மேல் ஏறாது.

அடுத்து அச்சிடுபவர். அவரிடம் இயந்திரம் கிடையாது. பலகைமேல் வண்ணத்தையும் சிறிது அரிசிப் பசையையும் இட்டுக் குதிரைமுடித் தூரிகையால் தேய்ப்பார். அத்தூரிகையின் நுனி மென்மையாவதற்கு அதனை உலர்ந்த சுறாத்தோலில் உரசிப் பதப்படுத்துவார்கள். கடல் இங்கேயும் வந்துவிடுகிறது பாருங்கள்! பின்னர் ஈரப்படுத்திய தாளை வைத்து, 'பாரென்' எனும் வட்டத் தேய்ப்பானால் அழுத்தித் தேய்ப்பார். மூங்கில் மடல்நாரை முறுக்கிச் சுருளாக்கி, மூங்கில் மடலாலேயே பொதிந்து கட்டிய கருவி அது. தாள் முசுக்கட்டை வகை மரப்பட்டையின் நாரால் ஆனது. ஆதலால் இத்தனை தேய்ப்பையும் தாங்கும். படத்தில் மலைக்குப் பின்னால் வானம் கீழே இருண்டும் மேலே வெளுத்தும் இருக்கிறதல்லவா? அதை ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனியே பலகையில் வண்ணத்தைப் படிப்படியாக மெலிதாக்கித்தான் கொண்டுவர வேண்டும். ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 தாள் அச்சிடுவார் என்பது மரபுவழிக் கணக்கு. ஒரு தாளுக்குப் பல வண்ணம். ஒரு வண்ணத்துக்குப் பல தேய்ப்பு. மாலையில் அவர் தோள் எப்படியிருந்திருக்கும்? படகில் துடுப்புப் போட்டவரின் தோளை அது ஒத்திருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

அந்த நீலத்துக்கும் ஒரு பயணக்கதை உண்டு. 'பிரஷ்ய நீலம்' எனப்படும் அச்சாயம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் உருவானது. கப்பலேறி ஜப்பானுக்கு வந்து, 1820களின் இறுதியில் விலை குறைந்து, அச்சுத்தொழிலாளர் கைக்கு எட்டியது. முப்பத்தாறு காட்சிகளில் கோடுகளும்கூடக் கறுப்பில் இல்லை, நீலத்தில்தான் இருக்கின்றன.

இத்தனை உழைப்புக்குப் பிறகு அத்தாளின் விலை என்ன தெரியுமா? ஏறத்தாழ இரண்டு கிண்ண நூடல்ஸ் விலை. சாதாரண மக்கள் வாங்கிச் சுவரில் ஒட்டிய பொருள் அது. 8,000 படிகள்வரை அச்சாகியிருக்கலாம் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. பலகை தேயத் தேயக் கோடுகளில் உடைவு விழும். படத்தின் தலைப்பைச் சூழ்ந்துள்ள கட்டத்தின் கோட்டில் உள்ள உடைவைப் பார்த்தே எது முந்தைய படி, எது பிந்தைய படி என்று பிரிக்கிறார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியக ஆய்வாளர் ஒருவர் உலகெங்கும் தேடியபோது எஞ்சியிருந்தவையாகக் கண்டறிந்தது 111 படிகள்தாம். அவ்வாறு தப்பிய படிகளுள் ஒன்று 2023 மார்ச் மாதம் நியூயார்க் ஏலத்தில் 2.7 மில்லியன் அமெரிக்க டாலருக்கும் மேல் விலைபோனது.

ஆனால், அத்தாளில் கையொப்பம் ஒன்றே உள்ளது. அது ஓவியருடையது. இப்பலகையைச் செதுக்கியவர் பெயர் அதில் இல்லை. அச்சிட்டவர் பெயரும் இல்லை. படகில் குனிந்திருப்பவர்களுக்கு முகமும் தெளிவாக இல்லை.

இதற்காக ஹொக்குசாயைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரே தம் பதினான்காம் வயது முதல் ஏறத்தாழ பதினெட்டாம் வயதுவரை மரச்செதுக்குத் தொழில் பழகியவர். பின்னாளில், 1834இல் தொடங்கி வெளிவந்த 'ஃபூஜி மலையின் நூறு காட்சிகள்' என்னும் அவரது நூலில் செதுக்குநர்களின் பெயர்கள் அச்சிடப்பட்டன. எகாவா தொமெகிச்சி என்ற செதுக்குநரையே தம் படங்களுக்கு அமர்த்துமாறு அவர் வெளியீட்டாளரைக் கேட்டுக் கடிதம் எழுதியதும் பதிவாகியிருக்கிறது. தம் கோடு யார் கையில் உயிர்பெறும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற காலத்தில், கலைப்பாடத்துக்காக உள்ளங்கை அளவு லினோ தகட்டில் ஒரு தோணியைச் செதுக்க ஒரு வாரம் ஆயிற்று. நான்கு கோடுகள், ஒரு பாய், கொஞ்சம் அலை, அவ்வளவுதான். அதற்குப் பின்னர் எந்த அச்சுப்படத்தைக் கண்டாலும் என் கண் முதலில் அதன் மெல்லிய கோட்டைத்தான் தேடும். கையால் செய்து பார்த்தவருக்கே பிறர் கையின் அருமை விளங்கும் என்பதை அன்று கற்றேன். பிள்ளைகளுக்கும் அவ்வாறே.

ஆகவே, என் வகுப்பில் இப்பணியை நால்வர் குழுவாகச் செய்விக்கிறேன். கத்தி, உளி எதுவும் தேவையில்லை. உணவுப்பொருள் வைத்து விற்கும் நுரைத்தட்டின் தட்டையான பகுதியை வெட்டியெடுத்துக் கழுவிக்கொண்டால் போதும். ஒருவர் மெல்லிய தாளில் பென்சிலால் வரைவார். இன்னொருவர் அதனைத் தட்டின்மேல் கவிழ்த்து வைத்து, தெரியும் கோடுகள்மேல் முனை மழுங்கிய பேனாவால் அழுத்தி எழுதுவார். மூன்றாமவர் வண்ணம் உருட்டித் தாளை வைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்து எடுப்பார். நான்காமவர் தாள், வண்ணம் ஆகியவற்றை அளவாகப் பங்கிட்டு, எத்தனை படி எடுப்பது, எது கண்காட்சிக்கு உகந்தது என்று முடிவு செய்வார். மரத்தில் கோடு மேடாக நிற்கும். நுரைத்தட்டில் பள்ளமாகி வெள்ளையாக விழும். இந்த வேறுபாட்டையும் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும்.

முதன்முறை பெரும்பாலான குழுக்கள் தாளைக் கவிழ்க்க மறந்துவிடுவார்கள். எழுதிய பெயர் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி வரும். 'ப' மட்டும் எப்படியோ தப்பித்துக்கொள்ளும். மற்ற எழுத்துகள் எல்லாம் புறமுதுகு காட்டும். சிரித்து முடித்தபின் யாரும் சொல்லாமலே அடுத்த தாளைக் கவிழ்த்து வைப்பார்கள். வரைந்த பிள்ளை, "நான் மெல்லிசா போட்ட கோட்டை நீ தடிப்பா ஆக்கிட்ட" என்று அழுத்திய பிள்ளையோடு சண்டைபோடும். அழுத்திய பிள்ளை, "நீ இவ்ளோ நெருக்கமா வரைஞ்சா நான் எப்படிச் செய்யறது?" என்று திருப்பிக் கேட்கும். அந்தச் சண்டையை நான் உடனே தீர்த்துவைப்பதில்லை. அடுத்த தட்டில் ஓவியர் கோடுகளை அகலமாக இடம்விட்டு வரைந்திருப்பார். இன்னொருவரின் கையை எண்ணித் தன் வேலையைச் செய்யும் பழக்கம் இப்படித்தான் வருகிறது.

தேர்வறிக்கை நாளன்று அம்மாணவனின் தந்தையார் பள்ளிக்கு வந்தார். இரவு ஓட்டிய களைப்பு கண்களில் தெரிந்தது. சுவரில் ஒட்டியிருந்த அச்சுப்படங்களைப் பார்த்தார். மகனின் குழு படகுக்குப் பதில் லாரியைப் போட்டிருந்தது. பின்னால் அலை எழுந்து நின்றது. சிறிது நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா இவன் என்ன மாதிரி ஆகிடக் கூடாது. படிக்கச் சொல்லுங்க."

"கண்டிப்பா சொல்றேன் ஐயா," என்றேன்.

அவர் கேட்டதில் பிழையேதுமில்லை. இரவெல்லாம் கண்விழித்து வண்டி ஓட்டுவதன் வலியை அறிந்தவர் அவர். உழைப்பைப் போற்றுகிறோம் என்று சொல்லி அவ்வலியை அவர் பிள்ளைக்கும் விதிக்க நமக்கு உரிமையில்லை. அலையின் அடியில் இருந்த முப்பது பேரும் தங்கள் பிள்ளைகள் கரையில் இருக்கட்டும் என்றே வேண்டியிருப்பார்கள்.

ஆனால், அவர் சொன்ன வாக்கியத்தின் முற்பகுதி பிள்ளையின் காதில் எப்படி விழுகிறது என்பதே என் கவலை. 'என்னைப்போல் ஆகாதே' என்று அன்பால் சொல்லப்படுவதை, 'நான் மதிக்கத்தக்கவன் அல்லன்' என்று பிள்ளை புரிந்துகொண்டுவிடக் கூடாது. வகுப்பறையிலும் நாம், "படிக்காவிட்டால் லாரி ஓட்டத்தான் போவாய்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்த வகுப்பிலேயே லாரி ஓட்டுநரின் பிள்ளை அமர்ந்திருக்கிறது. அவர் கொண்டுவந்து சேர்த்த மீனைத்தான் நாம் அன்று மதியம் உண்டிருப்போம். நன்றாகப் படி என்று சொல்ல எவருடைய தொழிலையும் நாம் தாழ்த்த வேண்டியதில்லை. அவரிடம் நான் மேலும் சொன்னது இவ்வளவே: "உங்க பையன் அந்த ஜப்பான் படகைப் பார்த்ததும் உங்க லாரியைத்தான் நினைச்சான் ஐயா. வகுப்புல எல்லாருக்கும் அவன்தான் அதைப் புரிய வச்சான்." அவர் பதில் சொல்லவில்லை. திறன்பேசியை எடுத்து, சுவரிலிருந்த அந்தத் தாளை மட்டும் படம் பிடித்துக்கொண்டார்.

யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் அகற்றப்பட்ட பின்னும், கலைப்பாட வேளையைக் கணக்குக்கோ மொழிக்கோ கொடுத்துவிடலாமே என்று கேட்கும் பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களது அக்கறையை மதிக்கிறேன். ஆயினும் ஒரு பொருளுக்குப் பின்னால் எத்தனை கைகள் உள்ளன என்று எண்ணிப் பார்க்கும் அறிவு, எந்தப் பாடத்தைவிடவும் குறைந்ததன்று. அதைக் கையில் மை படாமல் கற்பிப்பது கடினம்.

எங்கள் வகுப்பில் ஒவ்வொரு அச்சுத்தாளின் கீழும் நான்கு பெயர்கள் எழுத வேண்டும் என்பது விதி: வரைந்தவர், செதுக்கியவர், அச்சிட்டவர், வெளியிட்டவர். படிகளைப் பங்கிட்டு ஆளுக்கொன்றாக வீட்டுக்குக் கொடுத்தனுப்புவேன். பெற்றோர்களே, அத்தகைய தாளொன்று உங்கள் வீட்டுக்கு வந்தால், உங்கள் பிள்ளையின் பெயரைக் கண்டு மகிழுங்கள். அதன் பிறகு மற்ற மூவரும் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். உங்கள் பிள்ளை நிச்சயம் சொல்லும்.